உப்பளத்து இடுப்பு வலிக்கும் வயித்துக்குள்ள இருக்கிற பாக்டீரியாவுக்கும் என்ன சம்பந்தம்?

ஈ.சி.ஆர்-ல பாண்டிச்சேரிக்கு பைக் ட்ரிப் போனவங்க மரக்காணத்தைத் தாண்டித்தான் போயிருப்பீங்க. ரோட்டோரம் பாத்தி பாத்தியாகத் தண்ணீர், வரப்பில் வெள்ளை வெளேர்னு உப்புக் குவியல். வண்டியை நிறுத்தி செல்ஃபிகூட எடுத்திருப்பீங்க. பின்னணியில் குனிந்து உப்பு வாருகிறவர்களுக்கு இடுப்பு வலி, முட்டி வலி எல்லாம் சம்பளத்தோடு சேர்ந்தே வருவது. மெடிக்கல் ஷாப்பில் ஒரு வலி மாத்திரை, அடுத்த நாள் மறுபடி வேலை.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை 'நாள்பட்ட வலி' என்கிறார்கள் டாக்டர்கள். அந்த வலியில் குடல் பாக்டீரியாவுக்கும் பங்கு இருக்கலாம் என்பதுதான் புதுச் செய்தி.

உடம்பு முழுக்க வலிக்கும். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல்னு வரும். வீட்டில் 'சும்மா சொல்றா'னு நினைப்பாங்க. ஃபைப்ரோமயால்ஜியா என்ற இந்தப் பிரச்னை பெண்களிடம்தான் அதிகம். 2019-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 156 பேரை ஆராய்ந்தார்கள். நோய் இருந்த பெண்களின் குடலில் சுமார் 20 வகை பாக்டீரியாக்களின் அளவு மாறியிருந்தது. வலி கூடக்கூட மாற்றமும் கூடியிருந்தது.

'வலியால சாப்பாடு மாறி, அதனால பாக்டீரியா மாறியிருக்கலாமே?' நியாயமான கேள்விதான். அதற்கு 2025-ல் ஒரு பதில் கிடைத்தது. நோயுள்ள பெண்களின் குடல் பாக்டீரியாவை எலிகளுக்கு மாற்றியபோது, எலிகளுக்கும் வலி உணர்வு கூடியது. பிறகு 14 பெண்களுக்கு ஆரோக்கியமானவர்களின் பாக்டீரியாவைக் கொடுத்துப் பார்த்ததில் பலருக்கு வலி குறைந்தது. ஆனால், ஒப்பிட இன்னொரு குழு இல்லாத சின்ன சோதனை அது. அதனால், இன்ஸ்டாவில் 'வலி போக்கும் ப்ரோபயாடிக்'னு விளம்பரம் வந்தா, ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போங்க பாஸ்.

நாம் சாப்பிடும் நார்ச்சத்தை நல்ல பாக்டீரியாக்கள் ப்யூட்டிரேட் போன்ற பொருள்களாக மாற்றுகின்றன. அவை குடல் சுவரைக் காத்து வீக்கத்தை அடக்குகின்றன. அது குறைந்தால் நோய் எதிர்ப்பு செல்கள் உசுப்பப்பட்டு, நரம்புகள் சின்ன வலியையும் பெரிதாக்கி மூளைக்கு அனுப்பலாம்.

மரக்காணத்து இடுப்பு வலிக்கு முதல் காரணம் சுமையும் குனிவும்தான். பாக்டீரியா மேல பழியைப் போட்டுத் தப்பிக்க முடியாது. ஆனா, அந்த வலி மாத்திரை குடலையும் விட்டுவைக்காது. டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் வகை மாத்திரைகளை அடிக்கடி போட்டால் வயிறு, குடலில் புண் வரும். வெயிலில் தண்ணீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். தமிழக உப்பளத் தொழிலாளர்கள் 352 பேரிடம் ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தினர் நடத்திய ஆய்வில், ஏற்கெனவே 7 சதவிகிதம் பேருக்கு சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது.

நம்ம பழைய சோறு? குடல் அழற்சி நோயாளிகளுக்கு அது உதவுமா என்று சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையே ஆய்வில் இறங்கியது. நீராகாரம், கேழ்வரகுக் கூழ், மோர், கீரை, பயறு எல்லாம் குடலுக்கு நல்லதுதான். வலிக்கு மருந்துனு மட்டும் நினைச்சுக்காதீங்க.

உங்க அம்மாவோ அத்தையோ தினமும் வலி மாத்திரை போடுறாங்களா? அட்டையைப் பார்த்துப் பெயரைக் குறிச்சுக்கோங்க. மலம் கறுப்பாகப் போனாலோ, சிறுநீர் குறைந்தாலோ, கால் வீங்கினாலோ உடனே அரசு மருத்துவமனைக்கு அழைச்சுட்டுப் போங்க. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்க.