செல்லாக்காசுகள் நின்ற பஸ் நிறுத்தம்

பஸ் நிறுத்தத்தில் பத்துப் பேர் நிற்கிறார்கள். பஸ் வருகிறது. டிரைவர் ஓரமாக நிறுத்திக் கதவைத் திறக்கிறார். ஒருவரும் ஏறவில்லை! எல்லோர் கண்ணும் பின்னால் வரும் யாரோ ஒருவருடைய காரின் மேல்...

1970களில் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனுக்குத் தெற்கே, வர்ஜீனியா மாநிலத்துப் புறநகர்களில் பஸ் ஓட்டியவர்களுக்கு இது பெரிய தலைவலி. பஸ் உண்டியலில் காசுக்குப் பதிலாகப் போட்டு ஏமாற்றும் போலி வில்லைக்கு அங்கே 'ஸ்லக்' என்று பெயர். நம்ம பாஷையில் செல்லாக்காசு. பயணி மாதிரியே நின்று பயணியாக இல்லாமல் போன இந்த ஆட்களுக்கும் டிரைவர்கள் அந்தப் பெயரையே சூட்டிவிட்டார்கள் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அவர்களும் கோபித்துக்கொள்ளவில்லை. இன்றுவரை தங்களை 'ஸ்லக்' என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தக் கூட்டத்தை உண்டாக்கியதே பஸ்ஸுக்காகப் போட்ட பாதைதான்.

1969-ல் அங்குள்ள ஷெர்லி நெடுஞ்சாலையில் பஸ்களுக்கு மட்டும் என்று தனிப்பாதை திறந்தார்கள். பக்கத்தில் கார்கள் நத்தையாக ஊர, பஸ் மட்டும் பறந்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தன. பெட்ரோலுக்குத் திண்டாட்டம். அந்த டிசம்பரில், 4 பேராவது இருக்கும் கார்களும் பஸ் பாதையில் போகலாம் என்று அரசு அனுமதித்தது.

தனியாகக் கார் ஓட்டி வருபவர் மற்ற மூன்று பேருக்கு எங்கே போவார்? அதே ஊருக்கு, அதே நேரத்துக்குப் போகிறவர்கள் ஏற்கெனவே வரிசையாக நிற்கும் ஒரே இடம் பஸ் நிறுத்தம்தான். "பென்டகன் போறேன், வர்றீங்களா?" என்று கேட்டால் போதும். ஏறுபவருக்கு டிக்கெட் காசு மிச்சம், ஓட்டுபவருக்கு நேரம் மிச்சம். 1989-ல் 4 பேர் என்பது 3 பேராகக் குறைந்தபோது ஆள் சேர்ப்பது இன்னும் சுலபமாயிற்று.

இதற்கென்று ஆபீஸ் கிடையாது, விண்ணப்பம் கிடையாது, சந்தா கிடையாது. ஆனால் எழுதாத சட்டங்கள் நிறைய உண்டு! பணம் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. வரிசையில் முதலில் நிற்பவருக்கே முதல் இடம். டிரைவர் பேச்சுக் கொடுக்காமல் பயணி வாய் திறப்பதில்லை. காரில் சாப்பிடுவது, புகைப்பது ஆகாது. வரிசையில் ஒரு பெண்ணைத் தனியாக விட்டுவிட்டு மற்றவர்கள் ஏறிப் போவதில்லை. முன்பின் தெரியாதவர் காரில் தினமும் ஏறுகிற காரியத்துக்கு இத்தகைய நாணயம்தான் காவல் (செல்லாக்காசு என்று பெயர் வைத்தவர்கள் கவனிக்க!).

பஸ் இதில் தோற்றுப்போனதா? அப்படிச் சொல்லிவிட முடியாது. சாயங்காலம் கார் வராவிட்டால் வீட்டுக்கு எப்படிப் போவது என்பதுதான் காரைப் பங்கிடுவதில் எல்லோருக்கும் உள்ள பயம். பஸ் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் இவர்கள் காருக்குக் காத்திருந்தார்கள்.

இதை இன்னும் தெளிவாகக் காட்டியது மேற்குக் கரையில் உள்ள சான் பிரான்சிஸ்கோ. ஓக்லண்ட், பெர்க்லி பக்கத்து மக்கள் காலையில் பஸ் நிறுத்தங்களின் அருகே நின்று, கிடைத்த காரில் ஏறிப் பே பாலத்தைக் கடந்தார்கள். 3 பேர் இருந்தால் சுங்கமும் இல்லை, நெரிசலும் இல்லை. சாயங்காலம் திரும்பும்போது காருக்கு அந்தச் சலுகைகள் இல்லாததால், அவர்களில் பலர் பஸ்ஸிலோ 'பார்ட்' ரயிலிலோதான் வீடு திரும்பினார்கள். போக கார், வர பஸ்! பஸ் நிர்வாகத்துக்கு இதில் வருத்தம் இல்லாமல் இருக்குமா? காரில் ஏறியவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன்பு காலையிலும் பஸ்ஸிலோ ரயிலிலோ போனவர்கள்.

2010 ஜூலையில் அந்தப் பாலத்தில் பங்குக் கார்களுக்கும் இரண்டரை டாலர் சுங்கம் வந்தது. அதுவரை காசு பேசாத காருக்குள், ஏறுபவர் ஒரு டாலர் கொடுப்பதா வேண்டாமா என்ற சங்கடம் புகுந்தது. வர்ஜீனியாவில் 2014 டிசம்பர் முதல், தனியாக வருபவரும் கட்டணம் செலுத்தி விரைவுப் பாதையில் போகலாம் என்றாயிற்று. பணம் உள்ளவருக்கு இனி யாரையும் ஏற்றிக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. 3 பேர் இருந்தால் மட்டும் அங்கே இன்னும் இலவசம்தான்.

2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது இரண்டு ஊர்களிலும் வரிசைகள் காணாமல் போயின. அடுத்தவர் மூச்சே ஆபத்து என்றானபின் யார் காரில் யார் ஏறுவது? வாஷிங்டன் பக்கம் வரிசை மெல்லத் திரும்பியது. சான் பிரான்சிஸ்கோவில் அதை மறுபடி உயிர்ப்பிக்கச் சிலர் முயன்றார்கள். ஆனால் வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை என்றாகிவிட்ட ஊரில், காலை எட்டு மணிக்கு நிறுத்தத்தில் நிற்க முன்போல ஆள் சேரவில்லை.