கூலியில்லாப் படையும் வழு நீக்கும் பணியும்

தேர்த் திருநாளன்று வடம் பிடிக்க ஆயிரம் கைகள் முன்வரும். மறுநாட் காலையில் கோயில் வாசலைக் கூட்டவும், தேய்ந்த அச்சாணியைத் தேடி மாற்றவும் எத்தனை கைகள் வரும் என்பதைத் திருப்பணிக் குழுவில் இருந்தோர் நன்கறிவர். கோத்தோங் ரோயோங் நடத்திய கம்பத்துத் தலைவரைக் கேட்டாலும் இதனையே சொல்வார். கூலி பெறாது பலர் கூடிச் செய்யும் பணி எதுவாயினும் இவ்விடர்ப்பாடு அதனைத் தொடராமல் விடுவதில்லை. நம் காலத்தில் இதனை மிகப் பேரளவில் எதிர்கொண்டது லினக்ஸ் என்னும் மென்பொருளாகும். அதனைப் படைத்தவர் வரலாறு பலராலும் எழுதப்பட்டுவிட்டது. பழுது பார்த்தோர் வரலாறு அத்துணை எழுதப்படவில்லை. அதனையே ஈண்டுக் காண்போம்.

பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், 1991ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள், தாம் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதி வருவதாக மினிக்ஸ் பயன்படுத்தும் அன்பர்களுக்கு அறிவித்தார். அப்பொழுது அவர்க்கு வயது 21. செப்டம்பரில் வெளிவந்த முதற் பதிப்பில் இருந்தவை ஏறத்தாழ 10,000 வரிகளே. 1992இல் அதனைக் குனூ பொது உரிமத்தின் கீழ்க் கொண்டுவந்தார். இவ்வுரிமத்தின்படி எவரும் மூலநிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். அவ்வாறு வழங்குவோர் தாம் பெற்ற அதே உரிமையைப் பெறுவோர்க்கு மறுத்தல் கூடாது. 1994 மார்ச்சில் 1.0 என்னும் பதிப்பு வெளிவந்தபோது வரிகள் 176,000ஐக் கடந்துவிட்டன.

இத்துணை வரிகளில் வழு நேராதிருக்குமா? நேர்ந்தது. முறையோ மிக எளியது. வழுவைக் கண்டவர் அதனைத் தாமே திருத்தி, மின்னஞ்சலில் டோர்வால்ட்சுக்கு அனுப்புவார். அவர் படித்துப் பார்த்து ஏற்பார், அல்லது விடுவார். விட்டால் விடை எழுதமாட்டார். விடை வராதவர் மீண்டும் அனுப்புதல் வேண்டும் என்பதே எழுதாச் சட்டம். உண்மையில் அக்கறை உடையவர் மறுமுறையும் மும்முறையும் அனுப்புவார், ஏனையோர் ஓய்ந்துபோவர். இஃது ஒரு சல்லடையாகப் பயன்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் இராமுழுதும் கண்விழித்து ஒரு வழுவைக் கண்டு திருத்திய தொண்டர், ‘கிடைத்தது’ என்ற ஒரு சொல்லும் பெறாது வாளாவிருக்க நேர்ந்தால் அவர் மனம் என்ன பாடுபடும்? சல்லடையில் உமியோடு நெல்லும் போயிருக்கும் என்றே யான் கருதுகின்றேன்.

1998ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் இம்முறை முறிந்தது. திருத்தங்கள் மலைபோற் குவிந்தன. வேறொரு கணினியில் சிலர் அவற்றைத் தனியே சேர்த்துவைக்க, எது மூலம், எது படி என்ற குழப்பம் வேறு மிகுந்தது. அனுப்பியவர் மனம் கசந்தனர். டோர்வால்ட்சும் எரிச்சலுற்று, தாம் ஓய்வெடுக்கச் செல்வதாகவும், இனி இப்பேச்சைத் தம்மிடம் கொணர வேண்டா எனவும் எழுதிவிட்டார். சில நாட்களில் பிணக்குத் தணிந்ததாயினும், பணியின் வளர்ச்சிக்குத் தனி மனிதர் ஒருவரின் ஆற்றல் ஈடுகொடாது என்பது எல்லார்க்கும் புலனாயிற்று.

இவ்விடத்தில் இரு கருத்துக்களை நினைவுகூர்தல் தகும். பிரெட் புரூக்ஸ் 1975இல் வெளியிட்ட நூலில், காலந்தாழ்ந்த மென்பொருட் பணிக்கு மேலும் ஆட்களைச் சேர்த்தால் தாழ்வு இன்னும் மிகும் என்றார். எரிக் ரேமண்ட் 1997இல் இதற்கு மாறாக, காண்போர் பலரானால் எவ்வழுவும் எளிதில் அகப்படும் என்று லினக்சைச் சான்று காட்டினார். ரேமண்டின் கூற்றையே உலகம் பெரிதும் கொண்டாடிற்று. ஆனால் வழுவைக் காண்பது வேறு. கண்டோர் அனுப்பும் திருத்தம் சரியா என ஆய்ந்து முடிவு கூறுவது வேறு. முன்னதற்கு ஆயிரம் பேர் உதவலாம். பின்னதற்கோ வாயில் ஒன்றே. அதில் நின்றவரும் ஒருவரே. 1998இல் நெரிசல் ஏற்பட்டது அவ்வாயிலில்தான்.

வாயிலைப் பெருக்கும் முயற்சி முன்னரே தொடங்கியிருந்தது. பிரித்தானிய நிரலாளர் ஆலன் காக்ஸ் திருத்தங்களைத் திரட்டித் தமக்கென ஒரு தொகுதியே நடத்தினார். ஒற்றைப்படை எண் கொண்ட வரிசை புதுமை புகுத்தற்கு. இரட்டைப்படை எண் கொண்டது நிலைபெற்றது, வழு நீக்கம் மட்டுமே அதற்குரியது என வகுத்திருந்தனர். நிலைபெற்ற 2.2 வரிசையைக் காக்சே காத்துவந்தார்.

அடுத்த வரிசையாகிய 2.4இன் கதை சுவையானது. 2001 நவம்பர் 23ஆம் நாள் டோர்வால்ட்ஸ் 2.4.15ஐ வெளியிட்டு, அன்றே புதுமைக்குரிய 2.5ஐயும் தொடங்கினார். பழையதைக் காக்கும் பொறுப்பு பிரேசில் நாட்டு மார்செலோ டொசாட்டியிடம் சென்றது. அவர்க்கு அப்பொழுது வயது 18. அவர் கைக்கு வந்த பதிப்பிலோ ஒரு கொடிய வழு இருந்தது. வட்டின் தொடர்பைத் துண்டிக்கும் வேளையில் கோப்பமைப்பே கெட்டுவிடும். மூன்று நாளில், நவம்பர் 26ஆம் நாள், அவ்விளைஞர் 2.4.16ஐ வெளியிட்டு அதனைச் சீர்செய்தார். ஏறத்தாழ ஐந்தாண்டு அவ்வரிசையைக் காத்து, 2006இல் பிரெஞ்சு நாட்டு வில்லி டாரோவிடம் ஒப்படைத்தார். புதுமை யாவும் வேறிடத்தில் நடக்க, பழையதன் ஓட்டை அடைத்துக்கொண்டு ஐந்தாண்டு அமர்ந்திருத்தல் எளிய செயலன்று.

நெரிசல் முற்றும் தீரவில்லை. 2002 தொடக்கத்தில் மீண்டும் பூசல் எழுந்தது. சிறு திருத்தங்களைத் திரட்டவென்றே ஒருவரை அமர்த்துக என்றனர். டோர்வால்ட்ஸ் இசையவில்லை, தாம் நம்பும் சிலரோடு மட்டுமே நேரே பணியாற்றுவதாகவும், அவர்கள் தாம் நம்புவோரைத் தேடிக்கொள்ளட்டும் எனவும் கூறினார். அவ்வாண்டு பிப்ரவரியில் பிட்கீப்பர் என்னும் கருவியைக் கையாளத் தொடங்கினார். அது தனியார் உடைமை. கட்டற்ற மென்பொருளுக்குக் கட்டுள்ள கருவியா என ரிச்சர்டு ஸ்டால்மன் போன்றோர் கண்டித்தனர். 2005 ஏப்ரலில் அதன் உடைமையாளர் இலவச உரிமையைத் திரும்பப் பெற்றபோது கண்டித்தோர் கூற்றே மெய்யாயிற்று. டோர்வால்ட்ஸ் சில நாட்களிலேயே கிட் என்னும் கருவியைத் தாமே இயற்றினார். அவ்வாண்டு ஜூலை 26இல் அதன் பொறுப்பை ஜூனியோ ஹமானோவிடம் அளித்தும் விட்டார். எல்லாவற்றையும் தம் கையிலேயே வைத்திருந்த பழைய மனிதரா இவர் என வியக்கத் தோன்றுகிறது.

கிட் கருவியால் வழுத் தேடுவோர்க்குக் கிட்டிய ஒரு பயனைச் சொல்லுதல் வேண்டும். முந்திய பதிப்பு நன்று, பிந்தியது பழுது. இடையே 10,000 மாற்றங்கள். குற்றவாளி எது? நடுவில் உள்ளதை எடுத்து இயக்கிப் பார்த்தால் பாதி கழியும். மீண்டும் நடுவில் எடுத்தால் அதிலும் பாதி கழியும். 14 சோதனைக்குள் அந்த ஒரு மாற்றம் அகப்பட்டுவிடும். நிரலின் நுட்பம் அறியாதவரும் பொறுமை இருந்தால் இதனைச் செய்யலாம். அவ்வாறு கண்டு கூறினவர் பெயரைத் திருத்தத்தின் அடியிலேயே பொறிக்கும் வழக்கமும் வேரூன்றிற்று.

2005 மார்ச்சிலேயே கிரெக் குரோவா-ஹார்ட்மன், கிரிஸ் ரைட் ஆகிய இருவரும் நிலைபெற்ற பதிப்புக்கெனத் தனிக் குழு அமைத்திருந்தனர். அவர்கள் விதித்தவை கண்டிப்பானவை. திருத்தம் 100 வரியைத் தாண்டலாகாது. ஒன்றை மட்டுமே திருத்த வேண்டும். மெய்யாகவே எவரையேனும் வருத்தும் வழுவாக இருக்க வேண்டும். வரக்கூடும் என்று அஞ்சுவதற்கெல்லாம் இடமில்லை.

இத்தகைய ஒழுங்கு எல்லாத் திட்டங்களுக்கும் வாய்க்கவில்லை. இணையப் பாதுகாப்பின் அடித்தளமாகிய ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் 2011ஆம் ஆண்டின் இறுதி நாளில் ஒரு வழு புகுந்தது. 2014 ஏப்ரலில்தான் அது வெளிப்பட்டு, ஹார்ட்பிளீட் எனப் பெயர் பெற்றது. உலகெங்கும் வங்கிகளும் வணிகரும் நம்பிய அந்நிரலுக்கு அதுவரை வந்த நன்கொடை ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 அமெரிக்க வெள்ளி! காணும் கண்கள் பலவென்று எல்லாரும் எண்ணியிருந்தனர், பார்த்தவர் சிலரே.

லினக்சிலோ இடர் வேறு வடிவில் வந்தது. தொண்டர்மீது டோர்வால்ட்ஸ் வீசிய கடுஞ்சொற்கள் பல்லாண்டுகளாகப் பேசப்பட்டவை. 2018 செப்டம்பரில் அவர் அதற்கு வெளிப்படையாக வருத்தம் தெரிவித்துச் சில வாரம் விலகியிருந்தார். நடத்தை நெறியொன்று ஏற்கப்பட்டது. அக்டோபரில் 4.19 பதிப்பைக் குரோவா-ஹார்ட்மன் வெளியிட்டார். பணி ஒருநாளும் நிற்கவில்லை. 1998இல் டோர்வால்ட்ஸ் ஓய்வு என்று சொன்னபோது எழுந்த கலக்கத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இப்பொழுது லினக்சுக்கு உழைப்போரிற் பெரும்பாலோர் நிறுவனங்களிடம் ஊதியம் பெறுவோர். ஆயினும் பழைய பதிப்புக்களைக் காக்கும் சுமை குறைந்தபாடில்லை. நெடுங்காலப் பதிப்புக்களை ஆறாண்டு காப்பது என 2017இல் தொடங்கிய ஏற்பாட்டை இரண்டாண்டாகக் குறைப்பதென 2023 செப்டம்பரில் ஸ்பெயின் நாட்டின் பில்பாவோ நகரில் நடந்த மாநாட்டில் அறிவித்தனர். அத்துணைப் பழையவற்றைப் பயன்படுத்துவோர் சிலரே என்றனர். பேணுவோர் களைத்துவிட்டனர் என்பதும் அங்கே பேசப்பட்டது.