நீலகிரியில் வெட்டிய முற்றா நிலக்கரி

துடியலூரில் நின்று வடக்கே நோக்கினால், வானம் தெளிந்த நாட்களில் நீலமலைத் தொடர் கண்ணுக்குப் புலப்படும். அம்மலையின் மேல், ஆறாயிரம் அடிக்கும் உயர்ந்த பள்ளத்தாக்குகளில், மக்கள் ஒரு காலத்தில் சேற்றை வெட்டி அடுப்பெரித்தனர் என்றால் வியப்பாக இருக்கும். அது வெறுஞ் சேறன்று. பீட் எனப்படும் முற்றா நிலக்கரி.

சோலைகளுக்கும் புல்வெளிகளுக்கும் இடையே தாழ்ந்த இடங்களில் நீர் தேங்குகிறது. நீர் காற்றைத் தடுக்கிறது. குளிர் மட்குதலைத் தாமதப்படுத்துகிறது. ஆகவே, மடிந்த புல்லும் பாசியும் முழுதும் அழியாமல் அடுக்கடுக்காகப் படிகின்றன. ஓர் அங்குலம் உயர்வதற்கே நூறாண்டுக்கு மேலும் செல்லக்கூடும். இதனை வெட்டி, வெயிலில் உலர்த்தினால் விறகுபோல் எரியும். அயர்லாந்து உழவர்கள் பல தலைமுறைகளாக இவ்வாறே குளிர்காய்ந்தனர்.

கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ஆம் ஆண்டில் நீலகிரிக்கு ஏறிச் சென்றார். அதன்பின் உதகமண்டலம் நகராக வளர்ந்தது. குளிர்ந்த ஊரில் நெருப்பின்றி வாழ்வேது? சோலை மரங்கள் விறகாயின. சதுப்பு நிலத்துக் கரியும் எரிபொருளாயிற்று. 1843-இல் கொண்டுவரப்பட்ட ஆஸ்திரேலியத் தைலமரம் நாளடைவில் தோப்புத் தோப்பாகப் பெருகி விறகுக்கு உதவியது. ஆயினும் சதுப்புகள் முற்றிலும் தப்பவில்லை. பல இடங்களில் நீர் வடிக்கப்பட்டு, அவை விளைநிலங்களாயின.

எஞ்சியவற்றின் அருமை பின்னரே விளங்கிற்று. 1993-இல் ஆர். சுகுமார், ஆர். ரமேஷ் முதலிய இந்திய அறிஞர்கள் நீலகிரிப் பீட்டை ஆராய்ந்து, 'நேச்சர்' இதழில் முடிவுகளை வெளியிட்டனர். வறட்சியில் தழைக்கும் புல்லும் ஈரத்தில் தழைக்கும் செடியும் தம்முள் வேறுபட்ட கார்பன் ஐசோடோப்பு விகிதங்களை விட்டுச் செல்கின்றன. அவற்றை அடுக்கு அடுக்காக அளந்து, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளின் மழை வரலாற்றை அவர்கள் படித்தனர். பனிக்காலத்தின் உச்சத்தில் மலை வறண்டிருந்தது. ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை வலுத்தது. கல்வெட்டும் ஓலைச்சுவடியும் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே எழுதப்பட்ட வரலாறு அது!

அடுப்பில் இட்ட ஒவ்வொரு கட்டியிலும் அவ்வரலாற்றின் சில நூற்றாண்டுகள் சாம்பலாயின. வெட்டியவர்களைப் பழிப்பதில் பயனில்லை. குளிருக்கு அஞ்சியவர்கள் கைக்கெட்டியதை எரித்தார்கள். ஆனால் அறிந்துவிட்ட நமக்கு அச்சாக்கு இல்லை. மலைச் சதுப்புகள் மழைநீரைத் தேக்கிச் சிறுகச் சிறுக ஓடைகளுக்கு விடுகின்றன. அவ்வோடைகளின் நீர் பவானியை அடைகிறது. பவானி கொங்கு நாட்டின் வயலையும் வீட்டையும் நனைக்கிறது. மலைமேல் உள்ள அக்கருஞ்சேற்றைக் காப்பது சமவெளியில் வாழும் நம் கடமையுமாகும்.