பனிப்பாளங்களை நிறுத்த வரலாறு: துருவப் பனியின் திணிவு அளவீடு குறித்த ஒரு சமூகவியல் நோக்கு

அளவீடு என்பது கருவிக்கும் இயற்கைக்கும் இடையில் மட்டும் நிகழும் காரியமன்று. எதனை அளப்பது, எக்கருவியால் அளப்பது, அளக்க முடியாததை எவ்வாறு கணக்கிற் கொள்வது என்னும் வினாக்களுக்கு விடை தருவது அவ்வக்காலச் சமூகமே. கிறீன்லாந்தினதும் அந்தாட்டிக்காவினதும் பனிப்பாளங்கள் எவ்வளவு திணிவை இழக்கின்றன என்பதை மனிதர் அறியவந்த வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அவ்வரலாற்றின் பிரதான கட்டங்களை நோக்குவதும், இன்று நம்முன் வைக்கப்படும் எண்கள் எத்தகைய உழைப்பின் விளைவுகள் என்பதைத் தெளிவுபடுத்துவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1930 இல் ஜேர்மானிய அறிஞர் அல்பிரெட் வெகனர் தலைமையில் கிறீன்லாந்து சென்ற குழுவினர், மேற்குக் கரையிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உள்ளே, பனிப்பாளத்தின் நடுவில் ஒரு நிலையத்தை அமைத்தனர். அங்கு குளிர்காலத்தைக் கழித்த ஏர்ன்ஸ்ற் சோர்கே, ஏறத்தாழ 15 மீற்றர் ஆழமான கிடங்கொன்றைத் தோண்டி, ஆண்டாண்டாக விழுந்த வெண்பனி ஆழம் செல்லச் செல்ல எவ்வாறு இறுகுகின்றது என்பதைப் பதிவுசெய்தார். அதே ஆண்டு நவம்பரில் அந்நிலையத்திலிருந்து கரைநோக்கித் திரும்பும் வழியில் வெகனர் இறந்தார். அவரது உடலைப் பனியில் அடக்கஞ்செய்து, அவ்விடத்தைச் சறுக்குக்கட்டைகளால் அடையாளமிட்டுச் சென்றவர், உடன்வந்த கிறீன்லாந்தவரான றாஸ்முஸ் வில்லும்சன். வெகனரின் உடல் 1931 மே மாதத்தில் கண்டெடுக்கப்பட்டது. வில்லும்சனின் உடல் கிடைக்கவேயில்லை. துருவ ஆய்வு எவருடைய உழைப்பின்மீது நின்றது என்பதை உணர்த்த இந்நிகழ்ச்சி ஒன்றே போதுமானது.

இரண்டாவது கட்டம் பனிப்போரின் கட்டமாகும். 1953 இல், அமெரிக்க வான்படைத் தளமொன்றின் பொருட்டு, கிறீன்லாந்தின் தூலே பகுதியில் வாழ்ந்த இனுயிற் மக்கள் தம் வாழிடத்திலிருந்து வடக்கே பெயர்க்கப்பட்டனர். 1959 இல் அதே பகுதியின் பனிக்கடியில் 'காம்ப் செஞ்சுரி' என்னும் முகாமை அமெரிக்க இராணுவம் அமைக்கத் தொடங்கிற்று. அணு ஏவுகணைகளைப் பனிக்குள் மறைத்துவைப்பதே அதன் பின்னிருந்த திட்டம். ஆனால் பனி அசையாப் பொருளன்று, அது ஓயாது நகர்ந்து சுரங்க வழிகளை நெரித்தது, திட்டம் கைவிடப்பட்டது. எனினும் 1966 இல் அங்கு அடித்தரை வரை துளைத்தெடுக்கப்பட்ட 1,387 மீற்றர் நீளப் பனிமாதிரி, பண்டைக் காலநிலையின் ஆவணமாக மாறிற்று. போருக்கெனத் திரட்டப்பட்ட சாதனங்கள், தம்மை உருவாக்கியோர் கருதாத ஓர் அறிவைப் பெற்றுத் தந்தன. இம்முரண்பாடு பின்னரும் தொடர்ந்தது. 2002 மார்ச்சில் அமெரிக்காவும் ஜேர்மனியும் இணைந்து ஏவிய 'கிறேஸ்' இரட்டைச் செய்மதிகளை வானுக்குக் கொண்டுசென்றது, சோவியத் கண்டம்விட்டுக் கண்டம்பாயும் ஏவுகணையிலிருந்து உருமாற்றப்பட்ட றொக்கட்டே.

செய்மதிக் காலத்தில் மூன்று முறைகள் உருவாகின. முதலாவது, பனிமேற்பரப்பின் உயரத்தை றேடாராலோ லேசராலோ அளப்பது. 1991 இல் ஏவப்பட்ட ஐரோப்பியச் செய்மதி இதற்கு வழிவகுத்தது. இரண்டாவது, கிறேஸ் முறை: ஏறத்தாழ 220 கிலோமீற்றர் இடைவெளியில் ஒன்றையொன்று தொடரும் இரு செய்மதிகளுக்கிடையிலான தூரத்தின் நுண்மாற்றங்களிலிருந்து கீழுள்ள திணிவின் ஈர்ப்பை அறிவது. மூன்றாவது வரவுசெலவு முறை: விழும் வெண்பனியின் அளவிலிருந்து, உருகியோடும் நீரையும் கடலுக்குள் வழியும் பனியையும் கழிப்பது.

இவற்றுள் எதுவும் தனித்து நிற்கவல்லதன்று என்பதே இங்கு முக்கியமாகக் கவனிக்கப்பட வேண்டியது. உயரத்தைத் திணிவாக்க வெண்பனியின் அடர்த்தி தெரிதல் வேண்டும்; சோர்கே தம் கிடங்கில் எழுப்பிய வினா செய்மதிக் காலத்தில் மீண்டும் எழுகின்றது. ஈர்ப்பை அளக்கும் செய்மதி பனியையும் பாறையையும் வேறுபடுத்தி அறியாது. பண்டைப் பனியூழியின் பாரம் நீங்கியமையால் இன்னும் மெல்ல உயரும் நிலத்தின் பங்கைக் கணித மாதிரியுருவே கழித்துத்தர வேண்டும். வரவுசெலவு முறைக்கோ வரவைத் தருவது பிரதேசக் காலநிலை மாதிரியுருவாகும். அந்தாட்டிக்காவில் வரவும் செலவும் தனித்தனியே ஆண்டுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கோடி தொன். இத்தகைய இரு பேரெண்களின் வித்தியாசமே நாம் தேடும் விடை. ஆகவே, மாதிரியுருவின் சிறு பிழையும் முடிவைத் தலைகீழாக்கக்கூடும்.

அந்தாட்டிக்கா பனியை இழக்கின்றதா, பெறுகின்றதா என்பதிலேயே ஒருகாலத்தில் கணிப்புகள் முரண்பட்டமைக்கு இதுவே காரணம். 2012 இல் 26 ஆய்வகங்களைச் சேர்ந்த 47 ஆய்வாளர் ஒன்றிணைந்து, ஒரே நிலப்பிரிவுகள், ஒரே காலப்பகுதி, பொதுவான மாதிரியுருக்கள் என்பவற்றின் அடிப்படையில் தம் கணக்குகளை ஒப்புநோக்கினர். மூன்று முறைகளும் பெருமளவு இணங்கின. தனியொருவரின் மேதைமை தராத விடையைக் கூட்டுழைப்புத் தந்தது. அவ்வாய்விலும் கிழக்கு அந்தாட்டிக்காவுக்குக் கிடைத்த எண் ஆண்டுக்கு 1,400 கோடி தொன் அதிகரிப்பு. அதன் வழுவெல்லையோ இருபுறமும் 4,300 கோடி தொன். தம் அறியாமையின் அளவையும் அளந்து கூறிய நேர்மை பாராட்டுக்குரியது.

ஆனால் அறியாமை எவ்வாறு பயன்படுத்தப்படுகின்றது என்பது வேறு வினா. பனியோட்டம் எதிர்காலத்தில் விரைவுறுவதால் விளையக்கூடிய கடல்மட்ட உயர்வை, போதிய ஆய்வு அடிப்படை இல்லையெனக் கூறி, 2007 இல் வெளிவந்த காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழுவின் அறிக்கை தன் எண்களிற் சேர்க்கவில்லை. அறிக்கை இதனை வெளிப்படையாகவே கூறியது. எனினும் திட்டமிடுவோர் எடுத்துக்கொள்வது அட்டவணையின் எண்ணை, அடிக்குறிப்பை அன்று. கணக்கிற் சேராத அபாயம் செலவில்லாத அபாயமாகத் தோற்றங்கொள்கின்றது. அச்செலவை இறுதியில் இறுப்போர் கரையோர எளியோரே.

1992 முதல் 2020 வரை இரு பனிப்பாளங்களும் இழந்தது ஏறத்தாழ 7,56,000 கோடி தொன் என்றும், அதனால் கடல்மட்டம் ஏறத்தாழ 21 மில்லிமீற்றர் உயர்ந்தது என்றும் 2023 இல் வெளியான ஒப்பீடு காட்டிற்று. இவ்வுயர்வு எங்கும் ஒருபடித்தானதன்று. திணிவிழந்த பனிப்பாளம் கடல்நீரை ஈர்க்கும் வலிமையையும் இழப்பதால், அதன் அயலில் நீர்மட்டம் தாழ, தொலைவிலுள்ள வெப்பவலயக் கடல்களில் அது சராசரியிலும் சற்றுக் கூடுதலாக உயர்கின்றது. எரிபொருளை மிகுதியாக எரித்தோர் ஓரிடத்தில். அதன் பாரத்தைச் சுமப்போர் வேறோரிடத்தில். பௌதிகவியலே இங்கு ஏற்றத்தாழ்வின் வரைபடத்தைத் தீட்டித் தருகின்றது. அதனை வாசித்தறிவது விஞ்ஞானிகளின் கடமை மட்டுமன்று. சமூகத்தைப் பயில்வோரின் கடமையுமாகும்.