பக்கா, ஃபீச்சரா? 1984-லேயே வந்த சண்டை

‘இது பக் இல்ல, ஃபீச்சர்’ என்று உங்க ஆபீஸில் யாராவது சமாளித்திருப்பார்கள். பிரிட்டனில் 1984-லேயே இது நடந்தது.

என்ன கேம்?

‘ஜெட் செட் வில்லி’. இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் வீட்டுக் கணினிக்காக மேத்யூ ஸ்மித் எழுதியது. 1983-இல் ஹிட்டான அவரது ‘மேனிக் மைனர்’ கேமின் அடுத்த பாகம்.

என்ன சிக்கல்?

‘அட்டிக்’ அறைக்கு ஒருமுறை போய்வந்தால், வேறு சில அறைகளில் கால் வைத்ததுமே வில்லி காலி. கேமை முடிக்கவே முடியாது. ஆனால், முதலில் முடிப்பவருக்குப் பரிசு என்று விளம்பரம்!

நிறுவனம் என்ன சொன்னது?

‘கஷ்டமா இருக்கணும்னுதான் அப்படி வெச்சோம்’ என்ற பாணியில் சமாளித்தது சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட்ஸ். பிறகு பின்வாங்கி, ‘போக்’ எனும் திருத்தக் கட்டளைகளை வெளியிட்டது. கேசட்டில் வந்த கேம் என்பதால் ஆட்டோ அப்டேட் கிடையாது. காசு கொடுத்து வாங்கியவர்களே அவற்றை டைப் செய்ய வேண்டியிருந்தது.

விளம்பரம் கேமை விற்கும், கோடைத் திருத்தாது.