தாஷி வாங்சுக் வழக்கு

திபெத்தியக் குழந்தைகளுக்குப் பள்ளியில் தாய்மொழிக் கல்வி வேண்டும் என்று கேட்ட கடைக்காரர் ஒருவர் மீது சீன அரசு தொடுத்த பிரிவினைத் தூண்டல் வழக்கு, தாஷி வாங்சுக் வழக்கு எனப்படுகிறது. 2016 ஜனவரியில் அவர் பிடித்துச் செல்லப்பட்டார். 2018 மே மாதம் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2021 ஜனவரியில் விடுதலையானார். தனிநாடு கேட்டவர்களும் கொடி பிடித்தவர்களும் சிறைப்பட்ட வழக்குகள் திபெத்தில் ஏராளம். தாஷி கேட்டதோ சீனச் சட்டப் புத்தகத்தில் ஏற்கெனவே அச்சாகியிருப்பது.

ஊரும் ஆளும்

சிங்காய் மாநிலத்தின் தெற்கில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர் யூஷு. திபெத்தியர் அதைக் கேகுடோ என்பர். வரைபடத்தில் இது திபெத் தன்னாட்சிப் பகுதிக்கு வெளியே இருக்கிறது. அதனால் திபெத்தோடு ஒட்டாத ஊர் என்று எண்ணிவிடக் கூடாது. சீனாவில் வாழும் சுமார் 70 லட்சம் திபெத்தியரில் பாதிக்கு மேற்பட்டோர் அந்தப் பகுதிக்கு வெளியே, சிங்காய், சிச்சுவான், கான்சு, யுன்னான் மாநிலங்களில்தான் இருக்கிறார்கள். யூஷு வட்டாரத்தில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் திபெத்தியர். 2010 ஏப்ரல் 14 அன்று வந்த நிலநடுக்கத்தில் இங்கே 2,600 பேருக்கு மேல் இறந்தனர். இப்போது நிற்கும் ஊர் அதன்பின் புதிதாகக் கட்டப்பட்டது.

தாஷி இந்த ஊரில் கடை வைத்திருந்தவர். இணையத்திலும் விற்றார். அவருடைய சரக்கில் முக்கியமானது யார்சா கும்பு. கோடையில் புல், குளிரில் புழு என்று பொருள்படும் பெயர். மண்ணுக்கடியில் கம்பளிப்புழுவின் உடலைத் தின்று முளைக்கும் இந்தப் பூஞ்சைக்குச் சீன மருந்துச் சந்தையில் பெரும் விலை உண்டு. மேட்டுநிலக் குடும்பங்கள் பலவற்றுக்கு ஆண்டு வருமானமே இதுதான். 2014இல் பங்குச்சந்தையில் இறங்கும் முன்பு அலிபாபா நிறுவனம் எடுத்த விளம்பரப் படம் ஒன்றில், தொலைதூர ஊரிலிருந்து இணைய வணிகத்தில் முன்னேறியவருக்கு எடுத்துக்காட்டாகத் தாஷியைக் காட்டியது. இரண்டே ஆண்டுகளில் அவரைச் சிறைக்கு அனுப்பியதும் ஒரு படம்தான்.

வகுப்பு நின்ற கதை

தாய்மொழி என்று நாம் சொல்வதைத் திபெத்தியர் தந்தைமொழி என்று சொல்வதுண்டு. தாஷியின் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த மொழியை எழுதப் படிக்கக் கற்றுத்தர ஊரில் இடம் கிடைக்கவில்லை. பள்ளிகளில் சீனம் பயிற்றுமொழியாகி, திபெத்தியம் ஒரு பாடமாகச் சுருங்கியிருந்தது. மடாலயத்திலும் தனியாரிடத்திலும் நடந்துவந்த வகுப்புகளை, வெளியாரைச் சேர்க்கக் கூடாது என்று அதிகாரிகள் நிறுத்தச் செய்தனர்.

இந்த மாற்றம் ஒரே நாளில் வந்ததில்லை. திபெத்தியம் பயிற்றுமொழியாக இருந்து சீனம் ஒரு பாடமாக இருக்கும் பள்ளிகள் ஒருவகை. சீனம் பயிற்றுமொழியாகி திபெத்தியம் ஒரு பாடமாக நிற்கும் பள்ளிகள் மற்றொரு வகை. இரண்டுக்கும் அரசு வைத்த பெயர் ‘இருமொழிக் கல்வி’. முதல் வகையை இரண்டாம் வகையாக மாற்ற 2010இல் சிங்காய் மாநிலம் திட்டமிட்டபோது, ரெப்கோங் என்ற ஊரில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் தெருவில் இறங்கினர். அந்த அக்டோபரில் போராட்டம் பக்கத்து ஊர்களுக்கும் பரவியது. 2012இல் சாப்சா என்ற ஊரில் மருத்துவப் பள்ளி மாணவர்கள், தங்கள் மொழியை இழிவுபடுத்திய ஒரு கையேட்டை எதிர்த்துத் திரண்டனர். அவர்களில் சிலர் சிறைக்குப் போயினர்.

தாஷி ஊர்வலம் போகவில்லை. நீதிமன்றத்துக்குப் போக நினைத்தார். 2015இல் பெய்ஜிங் சென்று, திபெத்தியக் கல்வியைக் கைவிட்டதற்காக உள்ளூர் அரசின் மீது வழக்குப் போட வழக்கறிஞர் தேடினார். யாரும் முன்வரவில்லை. அரசுத் தொலைக்காட்சியான சிசிடிவியின் வாசல் வரை போய்ப் பார்த்தார். அங்கேயும் கதவு திறக்கவில்லை. பிறகுதான் நியூயார்க் டைம்ஸ் இதழின் செய்தியாளர்களிடம் பேசினார். முகத்தை மறைக்கவில்லை, பெயரை மாற்றச் சொல்லவும் இல்லை. தனக்குத் தனிநாட்டு நோக்கம் இல்லை என்பதைத் தெளிவாகச் சொன்னார். சட்டத்தின் ஆட்சி பற்றிப் பேசும் ஷி ஜின்பிங் மீது நம்பிக்கையும் காட்டினார். சுமார் ஒன்பது நிமிடம் ஓடும் படமாக அது 2015 நவம்பர் இறுதியில் வெளியானது.

கைதும் விசாரணையும்

2016 ஜனவரி 27 அன்று தாஷி பிடித்துச் செல்லப்பட்டார். காவலில் எடுத்தவரின் குடும்பத்துக்கு 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்பது சீனக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பொதுவிதி. அரசுப் பாதுகாப்பு தொடர்பான வழக்குகளுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. அந்த விலக்கு எவ்வளவு அகலமானது என்பதை இந்த வழக்கு காட்டியது. ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்தே குடும்பத்துக்குச் செய்தி போனது.

விசாரணை 2018 ஜனவரி 4 அன்று யூஷு இடைநிலை மக்கள் நீதிமன்றத்தில் நடந்தது. அதுவரை இரண்டாண்டுக் காலம் விசாரணையின்றியே காவல். அமர்வு சுமார் நான்கு மணி நேரம் நீடித்தது. அரசுத் தரப்பின் முதன்மைச் சான்று அந்த ஒன்பது நிமிடப் படம்; அதை நீதிமன்றத்தில் திரையிட்டார்கள். தாஷிக்காக வாதாடிய வழக்கறிஞர்களில் ஒருவர் லியாங் ஷியாவோஜுன். மொழிக்கல்வி கேட்பது நாட்டைப் பிரிப்பதாகாது, அதைக் கேட்க சட்டமே இடம் தருகிறது என்பது எதிர்வாதத்தின் சாரம். அன்று தீர்ப்பு வரவில்லை. மே 22 அன்று வந்தது: பிரிவினையைத் தூண்டிய குற்றத்துக்கு ஐந்தாண்டு. மேல்முறையீடும் தள்ளுபடியானது. ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமை வல்லுநர்கள் இந்தக் காவலைக் கண்டித்து விடுதலை கோரினர்.

குற்றவியல் சட்டத்தின் 103ஆம் பிரிவின்படி, பிரிவினையைத் தூண்டுவோருக்குச் சாதாரணமாக ஐந்தாண்டு வரை தண்டனை. தலைமை தாங்கியவருக்கும் கடுங்குற்றம் செய்தவருக்கும் அதற்கு மேல். பூஞ்சை விற்ற கடைக்காரருக்குச் சாதாரண அளவின் உச்சவரம்பு கிடைத்தது.

சட்டம் சொல்வது

சீன அரசியலமைப்பின் 4ஆம் பிரிவு, எல்லா இனங்களுக்கும் தம் பேச்சுமொழியையும் எழுத்துமொழியையும் பயன்படுத்தி வளர்க்கும் சுதந்திரம் தருகிறது. இனப்பகுதித் தன்னாட்சிச் சட்டத்தின் 37ஆம் பிரிவு இன்னும் ஒரு படி இறங்கிப் பேசுகிறது: சிறுபான்மை இன மாணவர் மிகுதியாக உள்ள பள்ளிகள் அவர்கள் மொழியிலேயே பாடநூல் வைத்து அதிலேயே கற்பிக்க வேண்டும், வசதியுள்ள இடங்களில். வரியின் உயிர் இந்தக் கடைசிச் சொற்களில் இருக்கிறது. வசதி உள்ளதா, இல்லையா என்று முடிவு செய்பவர் உள்ளூர் அதிகாரி. அந்த முடிவை எதிர்த்துத்தான் தாஷி வழக்குப் போட நினைத்தார்.

அதே அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு, பொதுச்சீனமான புடோங்ஹுவாவை நாடு முழுதும் பரப்ப வேண்டும் என்கிறது. இரு பிரிவுகளும் பல ஆண்டுகள் அருகருகே இருந்தன. 2021 ஜனவரியில், சிறுபான்மை மொழிகளில் கற்பிக்க வேண்டும் என்று சில வட்டாரங்கள் வைத்திருந்த விதிகள் 19ஆம் பிரிவுக்கு முரணானவை என்று தேசிய மக்கள் பேரவையின் சட்டப்பணிக் குழு அறிவித்தது. தாஷி சிறையிலிருந்து வெளியே வந்த மாதமும் அதுவே.

ஒத்த வழக்குகள்

மொழியைத் தொட்டு சீனாவில் சிறைப்பட்டோரில் சிறுகடைக்காரர் இருப்பது தற்செயலாக இருக்கலாம்; ஆனாலும் கண்ணில் படுகிறது. உள்மங்கோலியாவின் ஹோஹோட் நகரில் மங்கோலியப் புத்தகக் கடை நடத்திய ஹடா 1995 டிசம்பரில் பிடிபட்டு, பிரிவினை, உளவு ஆகிய குற்றங்களுக்காகப் பதினைந்து ஆண்டு சிறை பெற்றார். 2010இல் தண்டனை முடிந்தபின்னும் மேலும் நான்காண்டு அடைத்துவைக்கப்பட்டிருந்தார். அமெரிக்காவில் மொழியியல் படித்துத் திரும்பிய உய்குர் அறிஞர் அப்துவெலி அயூப், காஷ்கரில் உய்குர் மொழி மழலையர் பள்ளி தொடங்கினார். பள்ளிக்குப் பணம் சேர்க்க அவரும் நண்பர்களும் தேனும் டி-சட்டையும் விற்றனர். 2013 ஆகஸ்டில் கைதானபோது சுமத்திய குற்றம் சட்டவிரோத நிதிதிரட்டல். தண்டனை பதினெட்டு மாதம். பின்னாளில் அவர் நார்வேயில் குடியேறினார்.

உள்மங்கோலியப் பள்ளிகளில் 2020 செப்டம்பர் முதல் மொழிப்பாடத்தைச் சீனத்தில் நடத்த ஆணை வந்தபோது பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தனர். அங்கும் கைதுகள் தொடர்ந்தன.

விடுதலைக்குப் பின்

தண்டனைக் காலம் முழுவதையும் கழித்து 2021 ஜனவரி 28 அன்று தாஷி வெளியே வந்தார். அரசியல் உரிமை பறிப்பு அதன்பின் ஐந்தாண்டுக்கு நீடிக்கும் என்பது தீர்ப்பின் மற்றொரு பகுதி. அதே ஆண்டின் இறுதியில் லியாங் ஷியாவோஜுனின் வழக்கறிஞர் உரிமம் ரத்தானது.

தாஷி தன் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. மீண்டும் மனு எழுதினார். பள்ளிகளுக்கு நேரில் போய்த் திபெத்திய வகுப்பு நடக்கிறதா என்று விசாரித்தார். பார்த்ததைச் சமூக ஊடகத்தில் எழுதினார். 2023 ஆகஸ்டில் கோலோக் வட்டாரத்தின் தார்லாக்குக்குச் சென்று, அங்குள்ள பள்ளியின் முன் எடுத்த படத்தை வெளியிட்டார். அன்றிரவு அவர் தங்கியிருந்த விடுதி அறைக்குள் முகமூடி அணிந்தவர்கள் புகுந்து அவரை அடித்தனர்.