மார்தட்டியோர் மறைத்த கட்டி

"ஆணுக்கு மார்பகப் புற்றுநோயா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார் நண்பர் ஒருவர். ஆசிரியர் அறையில் அமர்ந்திருந்தோர் அனைவரும் சேர்ந்து சிரித்தனர். மறைப்பானேன், நாமும் சிரித்தோம். நூலகத்தில் நான்கு மாலைப் பொழுதுகளை ஏடு புரட்டிக் கழித்த பிறகுதான் அந்தச் சிரிப்பு நம் உதட்டிலிருந்து இறங்கிற்று. அந்தச் சிரிப்புக்கு அஞ்சியன்றோ எத்தனையோ ஆடவர் சட்டைக்குள்ளே கட்டியை வைத்துக்கொண்டு, வாய் திறவாமல் சுடுகாடு போய்ச் சேர்ந்திருக்கின்றனர்!

தமிழ்ப் புலவர் ஆடவன் மார்பைப் பாடிய பாட்டுக்குப் பஞ்சமில்லை. மலையென்றனர், மதிலென்றனர், மாலை தவழும் மேடென்றனர். அந்த மார்பிலே வேல் பாய்ந்தால் விழுப்புண். முதுகிலே பாய்ந்தால் பழி. போற்றத்தான் செய்தனர், ஆனால் அந்த மார்புக்குள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கருவறையில் ஆண் குழவிக்கும் பெண் குழவிக்கும் மார்பகம் ஒரே வகையிலேதான் தோன்றுகிறது. பருவம் எய்துங்கால் ஈஸ்ட்ரோஜன் எனும் சுரப்பு மிகுவதால் பெண்ணிடத்தே அது வளர்கிறது. ஆணிடத்தே காம்புக்குப் பின்னால் சில சிறு குழாய்களாகச் சுருங்கிக் கிடக்கிறது. சுருங்கிக் கிடக்கிறதேயன்றி இல்லாமற் போய்விடவில்லை! எங்கே உயிரணு உண்டோ அங்கே அது நெறி கெட்டுப் பெருகுவதற்கும் வழி உண்டு. அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய் கொண்டோரை நூறு நூறாக எண்ணினால், நூற்றில் ஏறக்குறைய ஒருவர் ஆண்.

இந்நோயின் வரலாறு எகிப்து நாட்டு நாணற்புல் ஏட்டிலே தொடங்குகிறது. 1862 ஆம் ஆண்டு லக்சர் நகரில் எட்வின் சுமித் என்பார் ஒரு பழஞ்சுருளை விலைக்கு வாங்கினார். அதனை 1930 இல் ஆங்கிலத்தில் வெளியிட்டவர் பிரஸ்டட் என்னும் பேரறிஞர். ஏறத்தாழ கி.மு. 1600 இல் எழுதப்பட்ட படி அது. மூலம் அதனினும் பழையது. 48 நோயாளரைப் பற்றிய குறிப்புகள் அதில் உண்டு. அவற்றுள் மந்திரம் ஓதச் சொல்வது ஒன்றே ஒன்று! மற்றவை எல்லாம் தொட்டுப் பார், அழுத்திப் பார், இன்னது செய் என்று பேசுகின்றன. மூவாயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னைய அந்த ஏட்டை, இன்றும் தாயத்து விற்போர் கையில் ஒருமுறை கொடுத்துப் பார்க்கலாம். 45 ஆவது குறிப்பு மார்பிலே புடைத்த கட்டிகளைச் சொல்கிறது. தொட்டால் குளிர்ச்சி, சூடில்லை, சீழில்லை. மருத்துவம் என்ற இடத்தில், ஒன்றுமில்லை என்று எழுதி வைத்தான் அந்த மருத்துவன். நோயாளியை அவன் ஆண்பாலிலேயே குறிக்கிறான். அது உண்மையில் ஓர் ஆடவனைக் குறித்ததா, எழுத்து வழக்கா என்பதில் அறிஞர் வேறுபடுவர். எங்ஙனமாயினும், ஆணின் மார்பில் கட்டி என்பது அவனுக்கு நகைப்புக்குரிய செய்தியாக இருந்ததில்லை.

நகைப்பு பின்னால் வந்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் காலன் என்னும் மருத்துவப் பேராசான், புற்றுநோய்க்குக் கருப்புப் பித்தமே காரணம் என்றார். மாதவிலக்கு நின்ற பெண்ணுடலில் அந்தப் பித்தம் தேங்குகிறது என்ற விளக்கம் நூற்றாண்டு நூற்றாண்டாக ஒப்புவிக்கப்பட்டது. 1543 இல் தம் உடற்கூற்றுப் பெருநூலை வெளியிட்ட வெசாலியசு, அறுத்துப் பார்த்த பிணங்களில் அந்தக் கருப்புப் பித்தத்தைக் காணவில்லை. இல்லாத ஒன்றின்மேல் எத்துணை பெரிய கோபுரம்! பின்னர் இத்தாலியின் ராமச்சினி, கன்னிமாடத்துத் துறவியரிடையே இந்நோய் மிகுதி என்று கண்டு எழுதினார். அவர் கண்டது மெய்யே; பிள்ளை பெறாமையும் பாலூட்டாமையும் இந்நோய்க்கு இடம் தருவன என்பது இன்று தெளிவு. ஆனால் அந்த மெய்யோடு ஒரு பொய்யும் சேர்ந்து வளர்ந்தது: இது பெண்ணுக்கே உரிய நோய் என்பது.

நடுவில் ஒரு குரல் கேட்கத்தான் செய்தது. இங்கிலாந்தின் ஜான் ஆர்டர்ன் என்னும் அறுவை மருத்துவர் ஆணின் மார்பகப் புற்றைப் பதினான்காம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார். இங்கே ஒரு வேடிக்கை. மருத்துவக் கட்டுரைகள் பலவற்றில் அவர் 1307 இல் அதை எழுதியதாகக் காண்கிறோம். 1307 அவர் பிறந்த ஆண்டு! தொட்டிலில் கிடந்த குழந்தை நோய்க்குறிப்பு எழுதியதாம்! ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்து எழுதி, அவரைப் பார்த்து இன்னொருவர் எழுதிய கதை இது. புராணிகர் மட்டுந்தான் இப்படிச் செய்வர் என்று நாம் எண்ணியிருந்தோம்.

இனி, ஆண்மை பற்றி மார்தட்டுவோர் கேட்க வேண்டிய பகுதி. 1896 இல் பீட்சன் என்னும் கிளாஸ்கோ மருத்துவர், பெண்ணின் சூலகங்களை அகற்றினால் மார்பகப் புற்று சுருங்குவதுண்டு என வெளியிட்டார். அப்படியானால் ஆணுக்கு? 1942 இல் நியூயார்க்கின் பேரோ, அடேர் எனும் இருவர் விடை தந்தனர். மார்பிலிருந்து எலும்புக்குப் பரவிய புற்று, விதையை அகற்றியபின் பின்வாங்கியது என்பதே அவ்விடை. எண்ணிப் பாருங்கள்! பெண்ணுக்குரிய நோய் என்று ஊர் நகைக்கும் நோயைப் பெற்றவனிடம், பிழைக்க வேண்டுமானால் ஆண்மையின் அடையாளம் என்று ஊர் போற்றும் உறுப்பையும் தா என்று கேட்டது மருத்துவம். எத்தனை பேர் மருத்துவமனை வாயிலிலிருந்தே திரும்பியிருப்பர்! அந்தக் கொடுமையைப் பெரிதும் தீர்த்தது ஒரு மாத்திரை. 1962 இல் டோரா ரிச்சர்ட்சன் என்ற பெண் வேதியியலாளர் ஆக்கிய டமாக்சிபென், 1973 இல் பிரிட்டனில் மார்பகப் புற்றுக்கு மருந்தாக வந்தது. ஆடவர் கட்டிகளில் பத்தில் ஒன்பது ஈஸ்ட்ரோஜனைப் பற்றி வளர்வன. அப்பிடியைத் தளர்த்துவதே அம்மருந்தின் வேலை.

நோயைத் தாய்வழிச் சீதனம் என்று எண்ணிய மடமையும் அண்மையில்தான் சாய்ந்தது. 1990 இல் மேரி கிளேர் கிங் என்னும் அம்மையார், பரம்பரை மார்பகப் புற்றின் மரபணு ஒன்று 17 ஆம் நிறப்புரியில் இருப்பதைக் காட்டினார். ஆனால், ஆடவரும் நோயுற்ற குடும்பங்கள் அந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை. தேடல் தொடர்ந்தது, 1994 இல் 13 ஆம் நிறப்புரியில் இரண்டாவது மரபணுவின் இடம் தெரிந்தது. ஐசுலாந்து நாட்டில் அம்மரபணுவின் ஒரே பிழை, மக்களில் நூற்றுக்கு 0.6 பேரிடம் இருக்க, மார்பகப் புற்றுற்ற ஆடவரில் நூற்றுக்கு 40 பேரிடம் இருந்ததாக 1996 இல் கண்டனர். பிழையைச் சுமக்கும் தந்தை தன் மகளுக்கும் மகனுக்கும் அதனைத் தர, சரிபாதி வாய்ப்பு உண்டு. மருமகளின் நோய்க்கு அவள் பிறந்த வீட்டுப் பெண்களை மட்டுமே எண்ணிப் பார்க்கும் மாமியார்கள் நம் தெருவிலும் உளர். அவள் தகப்பனையும் கேட்க வேண்டும். தந்தை தன் கட்டியை மறைத்தால், மகளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய எச்சரிக்கையும் அதனோடு மறைந்துபோகிறது.

மறைக்காத மனிதர் ஒருவரைச் சொல்கிறோம். எட்வர்டு புரூக், கறுப்பின வழக்கறிஞர். மாசசூசெட்சு மாநில மக்கள் 1966 இல் வாக்களித்து அவரை அமெரிக்கச் செனட் அவைக்கு அனுப்பினர். மக்கள் வாக்கால் அந்த அவைக்குச் சென்ற முதற் கறுப்பர் அவரே. நிறம் பார்த்து வீடு மறுக்கும் வழக்கத்தைத் தடுத்த 1968 ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவர் உழைப்பு உண்டு. 2002 இல், எண்பதைக் கடந்த வயதில், அவருக்கு மார்பகப் புற்று என்றனர். இரு மார்பகங்களும் அகற்றப்பட்டன. ஊரறியாமல் இருந்துவிட்டிருக்கலாம். 2003 இல் செய்தியாளரை அழைத்துச் சொன்னார். ஆடவரே, உங்கள் மார்பைத் தொட்டுப் பாருங்கள் என்றார். அதன் பின்னும் வாழ்ந்து, 2015 இல் தம் 95 ஆம் வயதில் மறைந்தார்.

புகழுடையார்க்குப் பேச வாயுண்டு. ஏழைக்கு? 2011 இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில், தரைக்கு ஓடு பதிக்கும் 26 வயதுத் தொழிலாளிக்கு இந்நோய் வந்தது. காப்புறுதி கிடையாது. ஏழைகளின் மார்பகப் புற்றுக்கு அரசு செலவு ஏற்கும் திட்டம் இருந்தது. விண்ணப்பித்தார், நீ ஆண், இத்திட்டம் பெண்களுக்கு என்று மறுத்துவிட்டனர்! பெண்ணுக்கென்று போராடிப் பெற்ற உரிமையை நாம் குறை சொல்லவில்லை. அது இன்னும் வேண்டும். ஆனால் நோய் ஒன்று, ஏழ்மை ஒன்று, ஏட்டில் எழுதிய பால் வேறு என்பதற்காகக் கதவடைப்பது என்ன நீதி?

மார்தட்டும் போர்வீரரையும் இந்நோய் விடவில்லை. வட கரோலினாவின் கேம்ப் லெஜூன் படைமுகாமில், 1953 முதல் 1987 வரை, குடிநீரில் நச்சு வேதிப்பொருள்கள் கலந்திருந்தன. அங்கு வாழ்ந்த ஆடவருள் எண்பதுக்கும் மேற்பட்டோர் மார்பகப் புற்றுற்றவராக ஒருவரையொருவர் கண்டுகொண்டனர். நீர்தான் காரணம் என்று ஒவ்வொருவர்க்கும் நிறுவுவது எளிதன்று. எனினும் 2022 இல் வழக்காடும் உரிமை சட்டமாயிற்று.

கட்டியெல்லாம் புற்றன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் வகுப்பில் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன்கள் சிலருக்கு மார்பு சற்றே புடைக்கும். மற்றவர் கேலி செய்வர். அவன் குனிந்தே நடப்பான். அது பருவத்தின் விளையாட்டு. பெரும்பாலோர்க்கு ஓரிரண்டு ஆண்டில் வடிந்துவிடும். கல்லீரல் கெட்டோர்க்கும், சில மருந்து உண்போர்க்கும், முதியோர்க்கும் அது வருவதுண்டு. காம்புக்கு அடியில் ஒரு பக்கத்தில் மட்டும் வலியில்லாத கெட்டியான கட்டி, உள்ளிழுத்த காம்பு, அதிலிருந்து குருதி, ஆறாத புண், அக்குளில் நெறி கட்டுதல் — இவை வேறு. படம் பிடித்து, ஊசியால் சிறிது சதை எடுத்துச் சோதித்தால் உண்மை தெரிந்துவிடும்.

மருந்து ஆய்வுகளும் நெடுங்காலம் ஆணை வாயிலிலேயே நிறுத்தின. பெண்களிடம் சோதித்த மருந்தையே, பயன் தரும் என்ற நம்பிக்கையில் ஆணுக்கும் கொடுத்து வந்தனர். 2019 இல் பால்போசிக்லிப் என்னும் மருந்துக்கு ஆடவர்க்கும் இசைவு கிடைத்தது, முன்னரே அதனை உண்ட ஆடவரின் மருத்துவக் குறிப்புகளைத் துணைகொண்டு. மறு ஆண்டு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், மார்பகப் புற்று மருந்து ஆய்வுகளில் ஆடவரையும் சேர்க்க வேண்டும், விலக்குவதாயின் அறிவியல் காரணம் எழுத வேண்டும் என்று நெறி வகுத்தது. ஆடவர் மிகச் சிலரே கிடைப்பர் என்பது போதிய காரணமாகாது என்றும் அதிலேயே குறித்திருக்கின்றனர்.